யாரும் கீழ்ப்படிய வேண்டாத பேரவை

ஆசியாவின் கத்தோலிக்க ஆயர்களை (பிஷப்புகளை) ஒன்றுசேர்க்கும் அமைப்பின் பெயர் ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு. எஃப்.ஏ.பி.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் சாசனத்தைப் படிக்கும் எவரும் ஓரிடத்தில் நின்று, மறுபடி ஒருமுறை படித்துப் பார்ப்பார்கள். இந்தக் கூட்டமைப்பின் முடிவுகளுக்குச் சட்டப்படி எவரையும் கட்டுப்படுத்தும் வலிமை கிடையாது. அவற்றை ஏற்றுக்கொள்வது ஆயர்களின் கூட்டுப்பொறுப்பு உணர்வின் வெளிப்பாடு, அவ்வளவுதான். கண்டம் முழுவதிலிருந்தும் ஆயர்கள் கூடி, நீண்ட நேரம் விவாதித்து, 1972இல் திருப்பீடத்தின், அதாவது வத்திக்கானின், ஒப்புதலும் பெற்று, கடைசியில் தங்கள் கைகளைத் தாங்களே கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் ஒரு சாதாரணப் பொதுநிலையினன். குருமடத்தில் படித்தவனும் அல்ல, எந்தப் பணிக்குழுவிலும் உறுப்பினனும் அல்ல. ஞாயிறு திருப்பலியில் திருத்தந்தையின் பெயரையும் எங்கள் ஆயரின் பெயரையும் சொல்லி மன்றாடும்போது, அந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்ற கேள்வி வந்தது. அன்றிலிருந்து கண்ட அளவிலான ஆயர் அமைப்புகளின் வரலாற்றையும் ஆவணங்களையும் தேடிப் படிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. கிரிக்கெட் புள்ளிவிவரம் மனப்பாடம் செய்பவர்கள் இருக்கும்போது இதில் என்ன வியப்பு என்பது வீட்டில் நான் சொல்லும் சமாதானம். படிக்கப் படிக்க ஒரு கருத்து உறுதியாகிக்கொண்டே வந்தது. கட்டளையிட முடியாத இடத்தில்தான் இந்த அமைப்புகள் நன்றாக வேலை செய்திருக்கின்றன. அதிகாரம் யாருக்கு என்ற சண்டை வந்த இடங்களில் எல்லாம் திணறியிருக்கின்றன.

சட்டத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிறகு அதை மறந்துவிடலாம். ஓர் ஆயர் தம் பொறுப்பில் உள்ள பகுதியான மறைமாவட்டத்தில் ஏறக்குறைய முழு அதிகாரம் உள்ளவர். பக்கத்து மறைமாவட்டத்து ஆயர் அவருக்கு எதுவும் உத்தரவிட முடியாது. பேராயருக்குக்கூடத் தம் மறைமாநிலத்தில் அடங்கிய மற்ற ஆயர்கள்மீது உள்ள அதிகாரம் மிகவும் சொற்பம். ஆயரை நியமிப்பதும் மாற்றுவதும் உரோமை. இந்த இரண்டுக்கும் இடையில் நாட்டளவிலான ஆயர் பேரவைகள் மெல்ல மெல்ல முளைத்தன. இந்திய ஆயர் பேரவை 1944இல் சென்னையில் நடந்த பேராயர்கள் கூட்டத்தில் உருவானது. உலகின் கத்தோலிக்க ஆயர்கள் உரோமையில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இந்த ஏற்பாட்டை உலகெங்கும் பொதுவாக்கியது. 1983ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத்தொகுப்பு, பேரவை ஓர் ஆணை பிறப்பிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கும், அதன்பின் உரோமையின் சரிபார்ப்பும் வேண்டும் என்கிறது. அதுவும் சட்டம் அனுமதித்த சில விவகாரங்களில் மட்டும். பேரவைகள் நாடு கடந்து கைகோப்பதைப் பற்றிப் பேசும் 459ஆம் விதியோ மிகச் சுருக்கம்: உறவை வளர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் பன்னாட்டளவில் ஏதாவது செய்வதானால் திருப்பீடத்தைக் கேட்டுச் செய்யுங்கள்.

ஆக, கண்டம் என்ற அளவுக்குச் சட்டத்தில் தனி நாற்காலி கிடையாது. 1980களில் கர்தினால் ராட்சிங்கர் (பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட்), ஆயர் பேரவைகளுக்கே இறையியல் அடித்தளம் இல்லை என்று வாதிட்டார். 1998இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பேரவை ஒன்று கோட்பாடு பற்றி அறிக்கை விட வேண்டுமானால் எல்லா ஆயர்களும் ஒருமனதாக இருக்க வேண்டும், இல்லையேல் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவோடு உரோமையின் ஒப்புதலும் வேண்டும் என்று விதித்தார். 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ், பேரவைகளின் நிலை, கோட்பாட்டு அதிகாரம் உட்பட, இன்னும் போதிய அளவு வரையறுக்கப்படவில்லை என்று எழுதினார். இந்த இழுபறி ஓயவில்லை.

கண்ட அளவில் முதலில் கூடிக் காட்டியவர்கள் இலத்தீன் அமெரிக்கர்கள். அவர்களுக்கு இருந்த வசதி வேறு யாருக்கும் இல்லை. ஸ்பானியம், போர்ச்சுகீசியம் என்று நெருங்கிய இரண்டு மொழிகள். மக்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஒரே மாதிரியான காலனிய வரலாறு. 1899இலேயே பதின்மூன்றாம் லியோ அவர்களை உரோமைக்கு அழைத்து ஒரு பொது அவை நடத்தினார். கண்டத்து ஆயர்கள் கூடுவதற்கு அன்று கடல் கடந்து போக வேண்டியிருந்தது. 1955இல் ரியோ டி ஜெனிரோவில் அவர்கள் சொந்த மண்ணில் கூடினார்கள். அந்தக் கூட்டத்தின் வேண்டுகோளின்படி, அதே ஆண்டில் பன்னிரண்டாம் பயஸ் ஒப்புதல் தர, செலாம் என்ற இலத்தீன் அமெரிக்க ஆயர் பேரவை பிறந்தது. தலைமையகம் பொகோட்டா. பின்னணியில் ஓடியாடியவர்களில் பிரேசிலின் எல்டர் கமாராவும் சிலேயின் மனுவேல் லரைனும் முக்கியமானவர்கள். வத்திக்கான் சங்கத்தின்போது உரோமையில் பல கண்டத்து ஆயர்கள் முதன்முறையாக ஒருவரை ஒருவர் நெருங்கிப் பார்த்தபோது, இலத்தீன் அமெரிக்கர்கள் ஏற்கெனவே சேர்ந்து வேலை செய்யப் பழகியிருந்தார்கள்.

அதன் விளைவு 1968இல் மெதெயினில் நடந்த அடுத்த மாநாட்டில் தெரிந்தது. திருத்தந்தை ஆறாம் பவுல் கொலம்பியாவுக்கு வந்து தொடங்கிவைத்தார். திருத்தந்தை ஒருவர் அந்தக் கண்டத்தில் கால் வைத்தது அதுவே முதல்முறை. வத்திக்கான் சங்கத்தை எங்கள் மண்ணில் எப்படிப் பொருத்துவது என்ற கேள்வியோடு கூடிய ஆயர்கள், வறுமையை விதி என்று சொல்லாமல் அநீதி என்று சொன்னார்கள். நிலைமையைப் பார்ப்பது, நற்செய்தியின் ஒளியில் சீர்தூக்குவது, பிறகு செயலில் இறங்குவது என்ற முறை அவர்களுடைய எழுத்தின் முதுகெலும்பாக இருந்தது. பெல்ஜியத்தின் யோசப் கார்டைன் இளந்தொழிலாளர்களுக்காக வகுத்த முறை அது. தொழிற்சாலை இளைஞர்களுக்கான ஒரு பயிற்சிமுறை ஒரு கண்டத்து ஆயர்களின் சிந்தனை முறையாக மாறியது எனக்கு இன்றும் பிடித்த செய்தி.

பிறகுதான் அதிகாரச் சண்டை ஆரம்பம். 1979இல் மெக்சிகோவின் புவெப்லாவில் அடுத்த மாநாடு. 1978இல் திருத்தந்தையர் இருவர் அடுத்தடுத்து இறந்ததால் தள்ளிப்போன மாநாடு அது. அதற்குள் செலாமின் செயலகம், ஏழைகளின் விடுதலையை மையமாக வைக்கும் விடுதலை இறையியலை ஐயத்தோடு பார்ப்பவர்கள் கைக்குப் போயிருந்தது. விடுதலை இறையியலாளர்கள் பலருக்கு அழைப்பு இல்லை. அவர்கள் சளைக்கவில்லை. கூட்டம் நடந்த குருமடத்தின் மதிலுக்கு வெளியே தங்கி, உள்ளே இருந்த நட்பு ஆயர்களுக்குக் குறிப்புகளும் வரைவுகளும் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஏழைகளுக்கு முன்னுரிமை என்ற நிலைப்பாடு புவெப்லாவின் ஆவணத்தில் தலைப்பாகவே இடம்பெற்றது. 1992இல் டொமினிகன் குடியரசின் சாந்தோ தொமிங்கோவில் நடந்த மாநாட்டில் உரோமையின் கை இன்னும் இறுகியது. முன்தயாரிப்பு ஆவணம் ஓரங்கட்டப்பட்டது. பார்த்து, சீர்தூக்கி, செயலாற்றும் முறையும் போனது. அந்த மாநாட்டின் ஆவணத்தை இன்று ஆர்வத்தோடு மேற்கோள் காட்டுபவரை நான் சந்தித்ததில்லை.

2007இல் பிரேசிலின் அப்பரேசிதா. இம்முறை கூட்டம் நடந்தது பிரேசிலின் மிகப் பெரிய மரியன்னைத் திருத்தலத்தில். ஆயர்கள் தினமும் திருப்பயணிகளோடு திருப்பலி கொண்டாடினார்கள். சாந்தோ தொமிங்கோவில் கைவிட்ட முறை திரும்பி வந்தது. ஆவணத்தைத் தொகுக்கும் குழுவின் தலைவர் புவெனஸ் அயர்ஸ் பேராயர் கர்தினால் பெர்கோலியோ. ஆறே ஆண்டுகளில் அவர் திருத்தந்தை பிரான்சிஸ் ஆனார். அப்பரேசிதாவின் மொழியும் கவலைகளும் அவரோடு உரோமைக்குப் போயின. செலாமுக்கு உரோமையைக் கட்டளையிடும் அதிகாரம் எந்தக் காலத்திலும் கிடையாது. ஆனால் அதன் வரைவுக்குழுவில் உட்கார்ந்து, எதிரெதிர்க் கருத்துகளைப் பொறுமையாகக் கேட்டு, ஒரு பத்திக்கு இருபது திருத்தம் வாங்கிப் பழகிய மனிதர் திருத்தந்தையாகி, அந்தப் பழக்கத்தை திருத்தந்தைக்கு ஆலோசனை சொல்லக் கூடும் உலகத் திருஅவையின் ஆயர் மாமன்றத்துக்கே கொண்டுவந்துவிட்டார். அமேசான் பகுதிக்கென 2014இல் ஒன்பது நாடுகளைச் சேர்த்து ரெபாம் என்ற வலையமைப்பு தொடங்கியதும், 2019இல் அமேசானுக்கென்றே மாமன்றம் கூடியதும் இதே நீரோட்டத்தில் வந்தவைதான்.

இனி நம் ஆசியா. இங்கே எதுவும் எளிதில்லை.

1970 நவம்பர் 27 அன்று மணிலா விமான நிலையத்தில் ஆறாம் பவுல் வந்திறங்கியபோது, குருவின் அங்கி அணிந்த பொலிவிய ஓவியர் ஒருவர் கத்தியோடு பாய்ந்தார். திருத்தந்தை சிறு காயத்தோடு தப்பினார், பயணத்தை நிறுத்தவில்லை. அவரைச் சந்திக்கத்தான் ஆசியாவின் 180 ஆயர்கள் மணிலாவில் கூடியிருந்தார்கள். அவர்களில் பலருக்கு ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாது. எல்லாருக்கும் உரோமையோடு உறவு இருந்தது, பக்கத்து நாட்டோடு இல்லை. கல்கத்தாவிலிருந்து சைகோனுக்குப் போகும் செய்தி உரோமை வழியாகத்தான் போகும் என்கிற நிலை. ‘நாம் ஏன் நேரடியாகப் பேசிக்கொள்ளக் கூடாது?’ என்பதுதான் மணிலாவில் எழுந்த கேள்வியின் சாரம். சியோல் பேராயர் கர்தினால் ஸ்டீபன் கிம் போன்றவர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். மறு ஆண்டு ஹாங்காங்கில் பேரவைத் தலைவர்கள் கூடி அமைப்புக்கு உருவம் கொடுத்தார்கள். உரோமைச் செயலகத்தில் ஐயத்தோடு பார்த்தவர்கள் இருந்தார்கள். இன்னொரு அதிகார மையம் முளைக்கிறதோ என்ற பயம். நான் தொடக்கத்தில் சொன்ன அந்தச் சாசன வரி இந்தப் பின்னணியில்தான் எழுதப்பட்டது. சமரசம் என்று சொல்லலாம். என் பார்வையில், அந்த ஆயர்கள் செய்த மிகச் சாமர்த்தியமான காரியம் அது.

ஏனென்றால், கட்டுப்படுத்தாத வாக்கியத்துக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. 1974இல் தைபெயில் நடந்த முதல் நிறையமர்வுக் கூட்டம், ஆசியாவில் நற்செய்திப்பணி என்பது மூன்று உரையாடல்கள் என்றது: பண்பாடுகளோடு, சமயங்களோடு, ஏழைகளோடு. பிலிப்பீன்ஸ், கிழக்குத் திமோர் தவிர ஆசியாவின் எல்லா நாடுகளிலும் கத்தோலிக்கர் சிறுபான்மையினர். பக்கத்து வீட்டில் பௌத்தரோ முஸ்லிமோ இந்துவோ இருக்கிறார். இந்த எளிய உண்மையிலிருந்து இறையியலைத் தொடங்கும் துணிச்சல், ஒவ்வொரு சொல்லுக்கும் உரோமையின் முத்திரை தேவைப்பட்ட ஓர் அவைக்கு வந்திருக்குமா என்பது சந்தேகமே. இந்த ஆவணங்கள் பலவற்றின் பின்னால் பிலிப்பீன்ஸ் இயேசு சபை இறையியலாளர் கத்தலினோ அரேவலோவின் பேனா இருந்தது. கூட்டமைப்பின் இறையியல் குழுவில் செயலராக இருந்து உழைத்தவர் நம் தமிழ் இறையியலாளர் பீலிக்ஸ் வில்பிரட். ஆசியச் சிந்தனையை உருவாக்கியவர்களில் ஒருவராக உலகமெங்கும் அவரை வாசிக்கிறார்கள். நம்முடைய பங்குக் கோயில்களில் அவர் பெயரைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும் என்று யோசித்தால் வருத்தமாக இருக்கிறது.

கூட்டமைப்பு ஆயர்களுக்குப் பயிற்சிகளும் நடத்தியது. சமூகச் செயல்பாட்டுக்கு ஒன்று, பல்சமய உறவுக்கு ஒன்று, பொதுநிலையினர் பணிக்கு ஒன்று. சமூகச் செயல்பாட்டுப் பயிற்சியில் ஆயர்கள் மாநாட்டு மண்டபத்துக்கு வருவதற்கு முன் சேரிகளிலும் மீனவர் குடியிருப்புகளிலும் தோட்டத் தொழிலாளர்களிடையிலும் போய்த் தங்கினார்கள். 1986இல் தாய்லாந்தின் ஹுவா ஹினில் கூடிய அமர்வு இதையே ஒரு முறையாக வகுத்தது: மக்களோடு தங்கு, நிலைமையை அலசு, இறைவேண்டலில் அசைபோடு, பிறகு திட்டமிடு. தொடக்கக் காலத்தில் மனித மேம்பாட்டு அலுவலகத்தை வழிநடத்தியவர் பிலிப்பீன்ஸின் இன்பாந்தா ஆயர் ஜூலியோ லபாயன். சர்வாதிகாரி மார்கோஸின் ஆட்சிக் காலம் அது. ஏழைகளோடு ஓர் ஆயர் தங்குவது என்பது அங்கே வெறும் பக்திச் செயலாக இருக்க முடியாது.

உரோமையோடு உரசல் வராமல் இல்லை. 1998இல் ஆசியாவுக்கான சிறப்பு ஆயர் மாமன்றம் உரோமையில் நடந்தது. அதற்கு முன் எல்லா நாட்டுப் பேரவைகளுக்கும் கேள்விகள் அடங்கிய முன்வரைவு போனது. ஜப்பான் ஆயர்கள் அதற்கு எழுதிய பதில் மிகவும் பேசப்பட்டது. இந்தக் கேள்விகள் மேற்கத்தியச் சூழலில் உருவானவை, எங்களுக்குப் பொருந்தாது என்று சொல்லி, தங்களுக்கான கேள்விகளைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள். ஜப்பானியரின் பணிவைப் பற்றி நாம் வைத்திருக்கும் படத்துக்கு இது சற்றும் பொருந்தவில்லை என்பது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. மாமன்றத்துக்குப் பிந்திய ஏட்டை இரண்டாம் யோவான் பவுல் 1999 நவம்பரில் டெல்லிக்கே வந்து வெளியிட்டார். கிறிஸ்துவை அறிவிப்பதற்கு அது கொடுத்த அழுத்தமும், உரையாடலுக்குக் கூட்டமைப்பு கொடுத்துவந்த அழுத்தமும் ஒன்றாக இல்லை. ஆசிய ஆயர்கள் சண்டைக்குப் போகவில்லை. 2000ஆம் ஆண்டு தாய்லாந்தின் சம்ப்ரானில் கூடி, அன்பும் பணியும் என்று தங்கள் மொழியில் தொடர்ந்து பேசினார்கள்.

ஆவணங்களைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு குறையைச் சொல்லாமல் போனால் நேர்மை இல்லை. இவை கீழே வருவதில்லை. கூட்டமைப்பு இயங்குவது ஆங்கிலத்தில். யாருடைய தாய்மொழியும் அல்லாத, ஆனால் யாருக்கும் முன்னுரிமை தராத மொழி என்ற வகையில் அது நியாயம்தான். ஆனால் மறையுரையில் தைபெயைப் பற்றியோ சம்ப்ரானைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆயர் கூட்டத்துக்குப் போய்வருகிறார், மறைமாவட்ட இதழில் குழுப்படம் வருகிறது, அதோடு சரி.

இப்படிப் புலம்பிக்கொண்டிருந்த எனக்கு விடை எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் எங்கள் அன்பியக் கூட்டத்தில். 1990இல் இந்தோனேசியாவின் பண்டுங்கில் நடந்த ஐந்தாம் நிறையமர்வு, திருஅவை என்பது சிறு சமூகங்களின் ஒன்றிப்பாக இருக்க வேண்டும், எல்லாரும் பங்கேற்கும் புதிய முறையில் திருஅவையாக இருக்க வேண்டும் என்றது. அதை நடைமுறைப்படுத்த 1993இல் ஆசிப்பா என்ற ஆசிய ஒருங்கிணைந்த மேய்ப்புப்பணி அணுகுமுறை உருவானது. அது கையில் எடுத்த முக்கியக் கருவி ஏழு படி நற்செய்திப் பகிர்வு. ஆண்டவரை அழைக்கிறோம், வாசிக்கிறோம், மனத்தில் தைத்த சொல்லை எடுத்துத் திரும்பச் சொல்கிறோம், மௌனமாக இருக்கிறோம், பகிர்ந்துகொள்கிறோம், செய்ய வேண்டியதைப் பேசுகிறோம், தானாக எழும் வேண்டலோடு முடிக்கிறோம். இதை வடிவமைத்தது தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம். அங்கே குருக்கள் எட்டிப்பார்க்க முடியாத ஊர்களில் மக்களே கூடி விவிலியம் படிக்க வேண்டியிருந்தது. அந்தத் தேவைக்காகப் பிறந்த முறை, ஆப்பிரிக்காவிலிருந்து ஆசிய ஆயர்களின் பயிற்சிகள் வழியாக வந்து, பாயில் உட்கார்ந்து விவிலியம் பிரிக்கும் நம் அன்பியம் வரை சேர்ந்துவிட்டது. யாரும் ஆணையிடவில்லை. ஓர் ஆயரோ அருட்சகோதரியோ பயிற்சிக்குப் போனார், பிடித்திருந்தது, திரும்பிவந்து செய்துபார்த்தார். ஆவணத்தின் பெயர் தெரியாமலே அதன் உள்ளடக்கத்துக்குள் வாழ்கிறோம்.

வேரித்தாஸ் வானொலியும் அப்படித்தான். தென்கிழக்கு ஆசிய ஆயர்கள் 1958இல் மணிலாவில் கூடியபோது, பல மொழிகளில் ஒலிபரப்பும் ஒரு வானொலி வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1969இல் அது ஒலிக்கத் தொடங்கியது. அதாவது கூட்டமைப்புக்கு முன்பே கூட்டுமுயற்சி பிறந்துவிட்டது. சிற்றலையில் அதன் தமிழ்ப்பணியைக் காதை ஒட்டவைத்துக் கேட்ட தலைமுறை நம்மிடம் உண்டு. போர்க்காலத்தில் இலங்கைத் தமிழர் வீடுகளில் அதற்கு இருந்த இடம் தனி. 2018இல் சிற்றலை நின்று, எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டது.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும், பேசினால் முகம் சுளிப்பார்கள். ஏழைக் கண்டங்களின் ஆயர்கள் கூடுவதற்கான செலவில் கணிசமான பங்கை ஜெர்மன் கத்தோலிக்கரின் மிசேரியோர், மிசியோ, அத்வேனியாத் போன்ற உதவி அமைப்புகள் ஏற்றிருக்கின்றன. ஐரோப்பியரின் சட்டகத்திலிருந்து விலகிச் சிந்திக்க வேண்டும் என்ற கூட்டத்துக்கான விமானக் கட்டணத்தை ஐரோப்பியர் கொடுத்திருக்கிறார்கள். இதில் முரண் இருக்கிறது. கொடுத்தவர்களின் பெருந்தன்மையும் இருக்கிறது. ஆனால் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் நம் பேரவைகள் தங்கள் கூட்டுவேலைக்குத் தங்கள் மக்களிடம் கேட்கத் தயங்குவது ஏன் என்பதுதான் என் கேள்வி. கோயில் கட்டவும் கொடிமரம் வைக்கவும் தயங்காமல் கேட்கிறோமே.

ஐரோப்பாவைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். 1971இல் உருவான ஐரோப்பிய ஆயர் பேரவைகளின் மன்றம் சுவிட்சர்லாந்தின் சங்க் காலனில் இருக்கிறது; ஐரோப்பிய ஒன்றியத்தோடு பேசுவதற்காக 1980இல் பிரஸ்ஸல்ஸில் இன்னொரு அமைப்பு வந்தது. அவற்றின் அறிக்கைகளைவிட, அவை பிறப்பதற்கு முன் எழுதப்பட்ட ஒரு கடிதம்தான் என்னை ஈர்க்கிறது. 1965 நவம்பரில், வத்திக்கான் சங்கம் முடியும் தறுவாயில், போலந்து ஆயர்கள் ஜெர்மன் ஆயர்களுக்கு எழுதினார்கள்: மன்னிக்கிறோம், மன்னிப்பும் கேட்கிறோம். வரைந்தவர் பொலேஸ்வாவ் கொமினெக். போர் முடிந்து இருபது ஆண்டு. எல்லைப் பிரச்சினை தீரவில்லை. போலந்தின் கம்யூனிஸ்ட் அரசு கொதித்தது, போலந்து மக்களிலும் பலர் ‘நாங்கள் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?’ என்று கோபப்பட்டார்கள். இரு அரசுகளும் கைகுலுக்கத் தயங்கிய காலத்தில் அந்த வேலையைச் செய்தவர்கள் உரோமையில் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் உட்கார்ந்து பழகிய ஆயர்கள். இதேபோல ஜப்பான், கொரிய ஆயர்களும் 1996இலிருந்து தொடர்ந்து சந்தித்துவருகிறார்கள். காலனிய வரலாற்றைச் சேர்ந்து பார்ப்பது என்பதிலிருந்து அந்தச் சந்திப்புகள் தொடங்கின.

ஆப்பிரிக்காதான் என் கருத்துக்குச் சவால். அங்கே 1969இல் கம்பாலாவில் ஆறாம் பவுல் முன்னிலையில், ஆப்பிரிக்க ஆயர் பேரவைகளின் அமைப்பான செகாம் தொடங்கியது. ‘உங்களுக்கென்று ஆப்பிரிக்கக் கிறிஸ்தவம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும்’ என்ற பொருளில் அவர் அங்கே பேசியது புகழ்பெற்றது. ஆங்கிலம், பிரெஞ்சு, போர்ச்சுகீசியம் என மும்மொழி, செயலகம் அக்ராவில். பல ஆண்டுகள் அதிகம் வெளியே தெரியாமல் இருந்த அமைப்பு, 2024 ஜனவரியில் உலகச் செய்தியானது. ஒருபாலின இணையருக்கு ஆசி வழங்குவது பற்றி 2023 டிசம்பரில் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கையைத் தொடர்ந்து, செகாமின் தலைவர் கர்தினால் பிரிதொலின் அம்பொங்கோ கண்டத்தின் பேரவைகள் எல்லாவற்றிடமிருந்தும் கருத்துக் கேட்டார். அவற்றை எடுத்துக்கொண்டு உரோமைக்குப் போய்த் திருத்தந்தையிடமும், சம்பந்தப்பட்ட துறையின் தலைவரிடமும் பேசினார். அந்த ஆசி ஆப்பிரிக்காவில் பொருத்தமில்லை என்ற அறிக்கை அவர்களுடைய இசைவோடு ஜனவரி 11 அன்று வெளியானது. வட ஆப்பிரிக்க ஆயர்கள் சில நாளில் சற்று வேறான தொனியில் பேசினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த முடிவின் உள்ளடக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. அது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே எனக்கு முக்கியம் நடந்த விதம். ஒரு மாதத்துக்குள் ஒரு கண்டத்தின் கருத்தைத் திரட்டி, உரோமையோடு முறித்துக்கொள்ளாமல், உரோமைக்கு மறுப்புச் சொல்ல முடிந்திருக்கிறது. அதற்கான சட்ட அதிகாரம் செகாமுக்கு இல்லை. எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்பது மட்டுமே அதன் பலம். இதைப் பார்த்துப் பலர், பார்த்தீர்களா, கண்ட அமைப்புகளுக்கு முறையான அதிகாரம் கொடுத்துவிடலாமே என்கிறார்கள். 2024 அக்டோபரில் நிறைவடைந்த ஆயர் மாமன்றத்தின் இறுதி ஆவணமும் பேரவைகளின் கோட்பாட்டு அதிகாரத்தைத் தெளிவாக வரையறுக்கச் சொல்கிறது. 2023இல் பாங்காக், பிராக், அடிஸ் அபாபா, சுவா என்று கண்டந்தோறும் நடந்த மாமன்றக் கூட்டங்களில் ஆயர்களோடு துறவியரும் பொதுநிலையினரும் ஒரே வட்ட மேசையில் உட்கார்ந்து பேசியபின் அந்த எதிர்பார்ப்பு இன்னும் கூடியிருக்கிறது.

ஆசியாவைப் பொறுத்தவரை நான் இதற்கு எதிர்ப்பக்கம். கூட்டமைப்பின் மத்தியக் குழுவில் உட்காருபவர்கள் உறுப்புப் பேரவைகளின் தலைவர்கள். இந்தியாவில் 170க்கும் மேற்பட்ட மறைமாவட்டங்கள். லாவோசும் கம்போடியாவும் சேர்ந்த பேரவையில் மொத்தமே ஏழு ஆட்சிப்பகுதிகள், அவற்றில் ஒன்றுகூட இன்னும் முழு மறைமாவட்டம் ஆகவில்லை. மங்கோலியாவில் கத்தோலிக்கர் எண்ணிக்கை சில ஆயிரத்தைக்கூடத் தொடாது. இன்று இவர்கள் ஒரே மேசையில் சமமாகப் பேச முடிகிறது, ஏனென்றால் அங்கே எதுவும் யார்மீதும் திணிக்கப்படுவதில்லை. கட்டுப்படுத்தும் ஆணைகள் வந்தால் வாக்கு எண்ண வேண்டும். எண்ண ஆரம்பித்தால் பிலிப்பீன்ஸும் இந்தியாவும் பேசும், மற்றவர்கள் கேட்பார்கள்.

அதைவிடப் பெரிய காரணம் அரசுகள். 2012 டிசம்பரில் கூட்டமைப்பின் பத்தாம் நிறையமர்வு வியட்நாமின் சுவான் லொக்கில் நடந்தது. கம்யூனிஸ்ட் கட்சி ஆளும் ஒரு நாட்டில், ஆசியா முழுவதிலுமிருந்து கத்தோலிக்க ஆயர்கள் வந்து கூட அனுமதி கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து திருஅவைக்குக் கட்டளை வருகிறது என்பதுதான் இப்படிப்பட்ட அரசுகளின் பழைய ஐயம். ஆயர் நியமனம் பற்றி வத்திக்கானோடு அவை பல ஆண்டுகளாகப் பேரம் பேசுவதும் அதனால்தான். சீனப் பெருநிலத்தின் ஆயர்கள் இன்னும் இந்தக் கூட்டமைப்பில் உறுப்பினர்களாக இல்லை. 2018இல் முதன்முறையாக அங்கிருந்து இரண்டு ஆயர்கள் உரோமையின் மாமன்றத்துக்கு வர முடிந்தது. நாளை ஒருநாள் ஆசியக் கூட்டம் ஒன்றுக்கும் வர அனுமதி கிடைக்கலாம். பேசிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வீடு திரும்பும் கூட்டத்துக்கு அனுமதிப்பதில் அரசுகளுக்குப் பெரிய சிரமம் இருக்காது. முடிவெடுத்து ஆணை அனுப்பும் அமைப்பு என்றால், வியட்நாமேகூட மறுபடி கதவைத் திறக்குமா என்று தெரியவில்லை.

2025 ஜூலையில் செலாம், செகாம், எஃப்.ஏ.பி.சி. ஆகிய மூன்றின் தலைவர்களும் சேர்ந்து, பிரேசிலில் நடக்கவிருந்த காலநிலை மாநாட்டுக்காகக் கூட்டு ஆவணம் ஒன்றை வெளியிட்டார்கள். பொய்த்தீர்வுகளை எதிர்ப்போம், செல்வ நாடுகள் தங்கள் சூழலியல் கடனைத் தீர்க்கட்டும் என்று தென்பாதி உலகின் மூன்று கண்டங்கள் சேர்ந்து கேட்டன. கோவா பேராயர் கர்தினால் பிலிப் நேரி பெர்ராவோ ஆசியாவின் சார்பில் அதில் நின்றார். அந்த ஆவணம் எந்த மறைமாவட்டத்தையும் எந்த அரசையும் கட்டுப்படுத்தாது. அதைத் தமிழில் முழுமையாகப் படிக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். எந்த மறைமாவட்டமாவது மொழிபெயர்த்து அச்சிட்டிருந்தால் கருத்துப்பெட்டியில் சொல்லுங்கள். அடுத்த மாத அன்பியத்தில் பேச எடுத்துக்கொள்ளலாம் என்று எங்கள் பொறுப்பாளர் கேட்டிருக்கிறார்.